கடைசி ஒரு கஜம்

டாமராக் ஸ்டேட் என்ற பெயர் திரையில் தோன்றியதும் மாரிட் ஹாகன் எழுந்து நின்றாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அக்டோபர் கடைசியிலிருந்து வாரந்தோறும் செய்து பழகிய காரியம் அது: நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளுவது, மூக்குக் கண்ணாடியை மடித்துக்கொள்வது, மேசையைச் சுற்றியிருப்பவர்களின் முகத்தைப் பார்க்காமல் கதவை நோக்கி நடப்பது. தன் குடும்பத்தார் சம்பளம் வாங்கும் அணியைப் பற்றிப் பேச்சு வரும்போது எந்த உறுப்பினரும் அறையில் இருக்கக் கூடாது என்பது, கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் தேசியக் கோப்பைக்குப் பன்னிரண்டு அணிகளைப் பொறுக்கும் தேர்வுக் குழுவின் விதி. டாமராக் அணியின் தலைமைப் பயிற்சியாளர் ரோல்ஃப் அவளுடைய தம்பி.

ஆனால் இந்த முறை இன்னொரு நாற்காலியும் நகர்ந்தது. திரையில் டாமராக்கின் பக்கத்திலேயே டன்மோர் என்ற பெயரும் எழுந்து நின்றது. அதைக் கண்டு மேசையின் கோடியிலிருந்து டெவ்ரோ ப்ரூயிட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டன்மோர் பல்கலைக்கழகத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பயிற்சியாளராக இருந்தவர்; மைதான வாசலில் அவருக்கு வெண்கலச் சிலை இருக்கிறது; இன்றும் அங்கே ஆலோசகர் என்ற பெயரில் மாதச் சம்பளம் வருகிறது.

"நாசமாப் போச்சு! ரெண்டு பேரையும் ஒண்ணா வெளிய அனுப்புறீங்களே. நடுவுல ஒரு போலீஸ்காரனை நிறுத்த வேண்டாமா?" என்றார் ப்ரூயிட்.

"கோச், போய் காபி குடிங்க. மாரிட்டை அடிச்சிராதீங்க," என்றார் குழுத் தலைவர் ஹார்லன் பீக்.

"நான் அடிக்கிறதா? அந்தம்மா கையைப் பாருங்கய்யா. விறகு வெட்டின கை."

மேசையைச் சுற்றிச் சிரிப்பு எழுந்தது. ஒருமுறை பயிற்சியாளராக இருந்தவன் சாகும்வரை 'கோச்'தான் அந்த உலகத்தில். மனைவியேகூட சிலரை அப்படித்தான் அழைப்பாள். மாரிட்டும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கதவைக் கடந்தபோது, அந்தச் சிரிப்பு தன் முகத்தில் தேவைக்கு மேல் ஒரு கணம் தங்கிவிட்டதை உணர்ந்தாள்.

பன்னிரண்டு அணிகளில் பதினொன்று முடிவாகிவிட்டது. அணிகள் பிரிந்து ஆடும் கூட்டமைப்புகளில் சிறியவற்றுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த ஒரே இடத்தைக் கடற்கரைப் பக்கத்து அணியொன்று எடுத்துக்கொண்டது. மிஞ்சியது ஓர் இடம். அதற்கு இரண்டு பேர். தெற்கே, தொலைக்காட்சி நிறுவனங்கள் தவம் கிடக்கும் பெரிய கூட்டமைப்பில் மூன்று முறை தோற்றிருந்த டன்மோர் ஒருபுறம். கனடா எல்லையை ஒட்டிய பனிக்காட்டில், பருவத்தின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் மூன்று புள்ளி வித்தியாசத்தில் தோற்ற டாமராக் மறுபுறம். இன்னும் சற்று நேரத்தில் முடிவைக் கேட்க நாடு முழுக்க மதிய உணவுத் தட்டுகளோடு தொலைக்காட்சி முன் உட்காரப் போகிறது.

விமான நிலையத்தை ஒட்டிய அந்த டெக்ஸஸ் ஓட்டலின் தாழ்வாரத்தில், கைப்பேசிகளை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் யோலண்டா காவலிருந்தாள். கூடத்தில் நின்ற ராட்சதக் கிறிஸ்துமஸ் மரத்தின் சிவப்பு விளக்குகள் அவளுடைய முகத்தில் மாறி மாறி விழுந்தன.

"இன்னைக்கு ரெண்டு பேரா?" என்றாள். "ரொம்பச் சேட்டை பண்ணீங்களோ?"

"வாத்தியார் வெளிய நிக்கச் சொல்லிட்டாரு," என்றார் ப்ரூயிட். சோபாவில் சரிந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கைப்பிடி பீக்கன் பருப்பை எடுத்து மாரிட்டிடம் நீட்டினார். "எடுத்துக்க தாயீ. எங்க தோட்டத்துது. லஞ்சம்னு நினைச்சுக்காத, நீயும் நானும் இப்ப செல்லாக் காசு."

மாரிட் இரண்டு பருப்புகளை எடுத்துக்கொண்டாள். வாயில் போடாமல் உள்ளங்கையில் வைத்து உருட்டினாள்.

அவளுடைய மனம் ஒரே ஓர் ஆட்டத்தில் நின்றது. நன்றி நாள் விருந்துக்கு மறுநாளின் மறுநாள், ஷெல்ட்ரேக் டெக் அணியோடு டாமராக் ஆடிய கடைசி ஆட்டம். அவர்கள் கூட்டமைப்பில் அதற்கு மேல் இறுதிப் போட்டி என்று எதுவும் கிடையாது. பனி அதற்கு இடம் தராது. மாரிட் அன்று பார்வையாளர் வரிசையில், கால்களைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாமராக் இருபதுக்குப் பத்து என்று முன்னால் நின்றது. இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சம். பந்து எதிரணியின் கோட்டிலிருந்து ஒரு கஜ தூரத்தில் டாமராக்கின் கையில் இருந்தது. ஒரு தள்ளு தள்ளிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், இன்னும் ஏழு புள்ளி. ஷெல்ட்ரேக்கின் முன்வரிசையில் அடிபட்டவர்கள் போக மீதி நின்றவர்கள் தவிட்டு மூட்டைகளைப் போல ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் உரிமையும் அவர்களுக்குத் தீர்ந்துவிட்டிருந்தது.

ரோல்ஃப் கையைக் கீழே அசைத்தான். ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோசாயா பந்தை வாங்கி, பனியில் ஒரு முழங்காலை ஊன்றினான். பந்தை வைத்திருப்பவனின் முழங்கால் தரையைத் தொட்டால் அந்த ஒரு முயற்சி அத்துடன் செத்தது. கடிகாரம் மட்டும் ஓடும். மறுபடி வாங்கினான், மறுபடி ஊன்றினான். மூன்றாம் முறையும் அப்படியே. கடிகாரம் தீர்ந்தது. ஷெல்ட்ரேக்கின் பெரிய உடம்புக்காரன் ஒருவன் குனிந்து ஜோசாயாவுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

அது ரோல்ஃபின் கண்டுபிடிப்பு அல்ல. அந்த வடக்குக் கூட்டமைப்பில் எல்லாப் பயிற்சியாளர்களும் அப்படித்தான். வெற்றி கைக்கு வந்த பிறகு அடிப்பதை நிறுத்திவிடுவார்கள். அடுத்தவன் வீட்டுக்குப் போனால் கிளம்பும்போது கதவைச் சாத்திவிட்டு வருவதைப் போல, யாரும் எழுதிவைக்காத, யாரும் மீறாத பழக்கம்.

மாரிட்டுக்கு மட்டும் இன்னொன்று தெரிந்திருந்தது. வாரந்தோறும் அந்த அறையில் உட்கார்ந்து பிற அணிகளைப் பற்றிக் கேட்டிருந்தாள். புள்ளி வித்தியாசத்தைக் குழு கணக்கில் எடுப்பதில்லை என்று விதிப்புத்தகம் அடித்துச் சொல்கிறது. அறையிலும் யாரும் வித்தியாசம் என்ற சொல்லை உச்சரித்ததில்லை. 'ஆட்டத்தின்மேல் பிடி' என்பார்கள்; 'முடிக்கும் திறன்' என்பார்கள். சொல்லை மாற்றிவிட்டால் பொருளும் மாறிவிட்டதாக நம்புகிறவர்களின் நிம்மதி அவர்களுடைய முகங்களில் இருக்கும். இருபதுக்குப் பத்து என்றால் பிடி தளர்ந்தது. இருபத்தேழுக்குப் பத்து என்றால் பிடி இறுகியது.

அந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, நன்றி நாள் விருந்தில், வான்கோழியை அறுத்துக்கொண்டே ரோல்ஃப் விளையாட்டாகக் கேட்டான்: "என்னக்கா, உங்க ரூம்ல எங்களைப் பத்தி என்ன நினைக்கிறாங்க? ஏதாவது மாத்திக்கணுமா நாங்க?"

ஒரு வார்த்தை போதும். 'அடி' என்று சொல்லியிருக்கலாம். அறையில் கேட்டதை வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்திட்டிருந்தாள். ரோல்ஃபின் மனைவியும் பிள்ளைகளும் மேசையைச் சுற்றி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு," என்றாள் மாரிட். ரோல்ஃப் சிரித்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

"என்ன யோசனை?" என்றார் ப்ரூயிட்.

"ஒண்ணுமில்ல கோச்."

"உன் தம்பி ஏன் அன்னைக்கு மண்டி போட வச்சான்னுதானே? நான் பார்த்தேன். குழுவுக்குக் குடுக்குற படத்துல இல்ல, நேரடி ஒளிபரப்புல. வீட்டுல தனியா உக்காந்து பார்த்தேன். என் பொண்டாட்டிகூட, பைத்தியமா உங்களுக்கு, பனியில ரெண்டு சின்ன ஸ்கூல் ஆடுறதைப் போய்ப் பாக்குறீங்கன்னா."

"பார்த்தீங்களா?"

"பார்த்தேன்." பருப்பை மென்றார். "அன்னைக்கே எங்க ஆளுங்க என்ன பண்ணாங்க தெரியுமா? முப்பது பாயின்ட் முன்னாடி இருக்காங்க. எதிர்ல நிக்கிறவன் எவனும் நிக்கக்கூட முடியாம நிக்கிறான். கடைசி எட்டு செகண்ட். ஒரு நீளப் பந்து. டச்டவுன். எங்க கோச் குதிக்கிறான். எனக்கு டிவியை உடைக்கணும்போல இருந்துச்சு."

"அதை உள்ள சொல்லிருக்கலாமே."

"எங்க சொல்றது? எங்க அணி பேரு வந்தா என்னையும் வெளிய அனுப்பிடுறாங்கல்ல."

யோலண்டா பெட்டியின் மேல் முழங்கையை ஊன்றி, "நான் ஒண்ணு கேக்கவா?" என்றாள். "ரெண்டு அணியில எது நல்ல அணின்னு தெரியலன்னா, ரெண்டு பேரையும் மோதவிட்டுப் பாக்கலாம்ல? வெளிய பார்க்கிங் லாட் காலியாத்தான் கிடக்கு."

ப்ரூயிட் வாய்விட்டுச் சிரித்தார். "யோலண்டா, நூத்துக்கணக்கான கோடி டாலர் சம்பந்தப்பட்ட விஷயம் இது. உன்னை மாதிரி புத்தியோட பேசினா எல்லாரும் வேலை இல்லாம வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"உள்ள என்னதான் பேசுறாங்க அப்ப?"

"அதைத்தான் வருஷா வருஷம் பேசுறாங்க. பலமான அணியை எடுக்கணுமா, தகுதியான அணியை எடுக்கணுமான்னு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இல்லம்மா," என்றாள் மாரிட், எதிர்பாராத வேகத்தோடு. "தகுதின்னா நடந்து முடிஞ்சது. ஜெயிச்சான், தோத்தான், அவ்வளவுதான். பலம்னா இனிமே மோதினா யாரு ஜெயிப்பான்னு நாம நினைக்கிறது. அது நம்ம தலைக்குள்ள நடக்குற ஆட்டம். நம்ம தலைக்குள்ள பனி பெய்யாது, எவனும் வழுக்கி விழ மாட்டான். அங்க எப்பவும் பெரிய ஸ்கூல்தான் ஜெயிக்கும்."

"அடேங்கப்பா," என்றார் ப்ரூயிட் மெல்ல. பிறகு பருப்பை மெல்வதை நிறுத்தினார். "ஒண்ணு சொல்றேன், தாயீ. யார்கிட்டயும் சொல்லாத. என்னை உள்ள விட்டு ஓட்டுப் போடச் சொல்லியிருந்தா, உங்க பசங்களுக்குத்தான் போட்டிருப்பேன்."

மாரிட் அவரைப் பார்த்தாள். கேலியின் சாயல் எதுவும் அந்த முகத்தில் இல்லை. வயதான, சற்றே அவமானப்பட்ட முகம்.

"மூணு தோல்வி எங்களுக்கு. அதுல ஒண்ணு சொந்த மைதானத்துல. உள்ள உக்காந்திருக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேரு என்கிட்ட விளையாடினவன், இல்ல எனக்குக் கீழ வேலை பார்த்தவன். நான் உள்ள இருந்து, 'டாமராக் போகட்டும்டா'ன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா…" கையை விரித்தார். "வெளிய அனுப்பிட்டாங்க. நான் எங்க அணிக்குச் சாதகமாப் பேசிருவேன்னு பயம்."

டாமராக்குக்கு உறுதியாக விழுந்திருக்கக்கூடிய இரண்டு ஓட்டுகளும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பருப்பு தின்றுகொண்டிருந்தன. ஒருதலைச் சார்பைத் தடுப்பதற்காக, நேர்மையான மனிதர்கள் நேர்மையோடு கூடி எழுதிய விதி அது. மாரிட்டும் அதை ஆதரித்தே குழுவில் சேர்ந்தாள். அதில் குறை சொல்ல அவளுக்கு இப்போதும் எதுவும் அகப்படவில்லை. அதுவே அவளை உறுத்தியது.

கதவு திறந்தது. பீக்கின் உதவியாளர் எட்டிப் பார்த்தார். "மேடம், ஒரு நிமிஷம். ஒரு தகவல் வேணுமாம்."

விலக்கப்பட்ட உறுப்பினரை உள்ளே அழைத்து, நடந்ததைப் பற்றிக் கேள்வி கேட்கலாம். அவர் நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். கருத்து சொல்லக் கூடாது. மாரிட் எழுந்தாள். உள்ளங்கைப் பருப்பு இரண்டையும் என்ன செய்வதென்று தெரியாமல் ப்ரூயிட்டிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"என்னைக் கூப்பிட மாட்டாங்க பாரு," என்றார் அவர். "எங்க அணிப் பையனோட கணுக்கால் எந்தப் பக்கம் வீங்கிச்சுன்னு நாட்டுல பால்காரனுக்குக்கூடத் தெரியும். உங்க அணியைத்தான் யாருக்கும் தெரியாது."

அறைக்குள் திரையில் பனி மூடிய மைதானம் உறைந்து நின்றது. குழுவுக்குத் தரப்படும் படங்களில் நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக இடைவெளிகளையெல்லாம் வெட்டிவிடுவார்கள். முழங்காலிடும் தருணங்களையும் ஆட்டமில்லை என்று வெட்டிவிடுவது வழக்கம். ஆகையால் அந்தப் படத்தில், பந்து ஒரு கஜ தூரத்தில் வந்து நிற்கிறது. அடுத்த நொடியே ஆட்டம் முடிந்துவிடுகிறது. புள்ளி மட்டும் ஏறவில்லை.

"மாரிட்," என்றார் பீக், தொண்டையைச் செருமிக்கொண்டு. "இங்க ஒரு சந்தேகம். ஒரு கஜத்துல பந்தை வச்சுக்கிட்டு டாமராக்கால உள்ள தள்ள முடியலன்னு ஒருத்தர் சொல்றாரு. ஷெல்ட்ரேக் மாதிரி ஒரு அணி இவங்களைத் தடுத்து நிறுத்திருச்சுன்னு. என்ன நடந்துச்சு?"

"யாரும் தடுக்கல," என்றாள் மாரிட். தன் குரல் இவ்வளவு சமமாக வருவது அவளுக்கே வியப்பாக இருந்தது. "மூணு தடவையும் மண்டி போட்டாங்க. கடிகாரம் முடிஞ்சுது."

மேசையில் ஒரு முனகல் எழுந்தது. சிலர் தலையசைத்தார்கள்.

"அப்ப முயற்சி பண்ணிப் பார்க்கல?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"இல்ல."

இடது பக்கம் உட்கார்ந்திருந்த முன்னாள் பத்திரிகையாளர் லெனோரா காஸ் முன்னால் குனிந்தாள். "ஏன்?"

மாரிட் வாயைத் திறந்தாள். அந்தக் களைத்த உடம்புகள், கைகொடுத்துத் தூக்கிவிட்ட அந்தப் பெரிய பையன், வடக்கில் யாரும் மீறாத அந்தப் பழக்கம் எல்லாம் நாக்கின் நுனியில் வந்து நின்றன.

"மன்னிக்கணும்," என்றார் பீக், கையை உயர்த்தி. அவருடைய குரலில் கடுமை இல்லை, வருத்தம்கூட இருந்தது. "ஏன்னு கேட்டா அது கருத்து ஆயிடும், லெனோரா. என்ன நடந்துச்சுங்கிறதோட நிறுத்திக்கணும். விதி. நன்றி, மாரிட்."

அவள் வாயை மூடிக்கொண்டாள். கதவு வரைக்கும் நடந்தாள். அந்தத் தூரத்தில் திரும்பி நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை நினைத்தாள். சொல்லியிருந்தால், விதியை மீறித் தம்பிக்காகப் பேசிய அக்காவின் வாக்கியமாகவே அது அறைக்குள் விழுந்திருக்கும். உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே வாய் அவளுடையது. அந்த வாயிலிருந்து வந்தாலே அது உண்மையாகத் தோன்றாது. சொல்லவில்லை.

ஆனாலும் தாழ்வாரத்துக்கு வந்தபோது அவளுக்குள் ஏதோ இளகியிருந்தது.

"என்ன கேட்டாங்க?" என்றார் ப்ரூயிட்.

"சொல்லக் கூடாது."

"முகத்தைப் பார்த்தா நல்லதுபோலத்தான் தெரியுது."

"தப்பா நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. இப்ப தெளிஞ்சிருக்கும்." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தடுக்கப்பட்ட அணி இல்லை என்று இப்போது அவர்களுக்குத் தெரியும். உள்ளே ஐந்தாறு பேர் வாழ்நாளெல்லாம் களத்தில் கழித்தவர்கள். மூன்று முறை முழங்காலிட்டால் அதற்குப் பொருள் என்னவென்று அவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. யோலண்டாவிடம் காபி வாங்கிக் குடித்தாள். காலையிலிருந்து முதல் முறையாகச் சுவை தெரிந்தது.

டாமராக்கின் உள்விளையாட்டரங்கில் இந்நேரம் மடக்கு நாற்காலிகள் போட்டிருப்பார்கள். சாம்பல் நிற மேல்சட்டைகளோடு பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் தொலைக்காட்சிக்காரர்களின் கேமரா. சந்தோஷமோ துக்கமோ, எது வந்தாலும் படம் பிடித்துக்கொள்வதற்கு. இந்த இடம் கிடைத்தால் அவர்கள் இன்னும் சில வாரங்கள் ஓர் அணி. கிடைக்காவிட்டால் நாளையிலிருந்து ஆட்டக்காரர்கள் வேறு பல்கலைக்கழக அணிகளுக்கு மாறிக்கொள்ளும் காலம் தொடங்குகிறது. பெரிய இடங்களிலிருந்து அழைப்பு வரும். ஜோசாயாவுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. அது டன்மோரிலிருந்து என்பது மாரிட்டுக்கும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

உள்ளேயிருந்து யாரோ காபிக்காகக் கதவைத் திறந்தார்கள். ஒரு கணம் அறையின் பேச்சு தாழ்வாரத்தில் கொட்டியது.

"…தடுத்திருந்தாக்கூடப் பரவாயில்லைங்கிறேன். முயற்சி பண்ணித் தோத்தான்னு விட்டுடலாம். இவங்களுக்குப் பசியே இல்லையே! வாழ்க்கையே அந்த ஒரு கஜத்துல இருக்கு, மண்டி போடுறான். டன்மோரைப் பாரு, முப்பது பாயின்ட் முன்னாடி இருந்தும் கடைசி செகண்ட் வரைக்கும்…"

கதவு சாத்திக்கொண்டது.

ப்ரூயிட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். அதன் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தடவினார். "குரலு தெரியுது," என்றார். "என்கிட்ட நாலு வருஷம் விளையாடினவன். எட்டு செகண்ட் இருக்கும்போது நான் அவனைக்கூட மண்டி போடத்தான் சொன்னேன். எல்லாத்தையும் மறந்துட்டான்."

நடந்ததை மட்டும் சொல் என்று அவளிடம் கேட்டு வாங்கிக்கொண்டவர்கள், அது ஏன் நடந்தது என்ற வெற்றிடத்தைத் தங்கள் ஊகத்தால் நிரப்பிக்கொண்டார்கள். படத்தில் வெட்டுப்பட்டிருந்தபோது அது வெறும் இயலாமையாக இருந்தது. அவள் உண்மையைச் சொன்ன பிறகு அது குற்றமாயிற்று.

இருவரையும் உள்ளே அழைத்தபோது திரையில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. மாரிட் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைசிப் பெயரைப் படிக்கத் தேவையிருக்கவில்லை. லெனோரா காஸ் அவளை ஏறிட்டுப் பார்த்துவிட்டுக் காகிதங்களை அடுக்கத் தொடங்கினாள். முழுப் பட்டியலையும் ஏற்கிறோமா என்று பீக் கேட்டார். முழுப் பட்டியல் என்பதால் இப்போது எல்லோரும் கை தூக்கலாம்; தூக்க வேண்டும். பதின்மூன்று கைகள் எழுந்தன. அவளுடைய கையும்.

அவற்றில் ப்ரூயிட்டின் கை பாதி உயரத்தோடு நின்றுவிட்டது. "வாழ்த்துகள் கோச்!" என்று யாரோ அவருடைய முதுகில் தட்டினார்கள். "வாயை மூடுடா," என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அறிவிப்பு முடிந்ததும் பீக் தொலைக்காட்சியில் தோன்றினார். டாமராக் அருமையான அணி என்றார். அந்த மாணவர்களை நினைத்துக் குழுவின் மனம் கனக்கிறது என்றார். ஆயினும் முடிக்கும் திறன் என்று வரும்போது இரண்டு அணிகளுக்கும் இடையே தெளிவான வேறுபாடு தெரிந்தது என்றார். திரையின் ஒரு மூலையில் சாம்பல் நிற மேல்சட்டைகள் தெரிந்தன. யாரும் அழவில்லை. கேமரா அழுகையைத் தேடி வரிசை வரிசையாக நகர்ந்து, கிடைக்காமல், டன்மோரின் கொண்டாட்டத்துக்குத் தாவியது.

யோலண்டா பெட்டியைத் திறந்து கைப்பேசியைக் கொடுத்தாள். கைக்கு வரும்போதே அது அடித்துக்கொண்டிருந்தது.

"அக்கா. சாப்பிட்டியா?" என்றான் ரோல்ஃப்.

"இன்னும் இல்ல."

"சாப்பிடு."

அவனுக்குப் பின்னால் இரும்பு மோதும் ஓசை சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"என்ன சத்தம் அது?"

"பசங்க நாற்காலியை மடிச்சு அடுக்குறாங்க. நான் சொல்லல. அவங்களாவே எழுந்து ஆரம்பிச்சுட்டாங்க."

"ஜோசாயா?"

"அவன்தான் எல்லாரையும்விட அதிகமா அடுக்குறான்." என்றான் ரோல்ஃப். "போகச் சொல்லிட்டேன். இன்னும் ஒரு வருஷம் இருன்னு அவன்கிட்ட எந்த வாயால சொல்றது? அவன் அம்மா ரெண்டு வேலை பாக்குறாங்க."

மாரிட் கிறிஸ்துமஸ் மரத்தின் பின்புறம் போய் நின்றாள். அங்கே வயர்களும் இரும்புத் தாங்கிகளும் அப்பட்டமாகத் தெரிந்தன.

"அக்கா, நீ பதில் சொல்லக் கூடாதுன்னு தெரியும். ஒண்ணே ஒண்ணு."

"கேக்காத ரோல்ஃப்."

"அந்த மூணு தடவை…"

"ரோல்ஃப்."

"சரி. சரி, விடு."

நாற்காலிகள் மோதிக்கொண்டேயிருந்தன. அவள் காதில் வைத்த கைப்பேசி சூடேறியது.

"முதல் வருஷப் பையன் ஒருத்தன் இருக்கான்," என்றான் ரோல்ஃப் பிறகு. அவனுடைய குரல் களைத்திருந்தது, ஆனால் கோபம் இல்லை. "ஜோசாயா போனா அவன்தான் பந்தை வாங்கணும். டிவியை அணைச்சதும் என்கிட்ட வந்தான். கோச், அடுத்த வருஷம் நான் அதே இடத்துல நின்னா என்ன பண்ணட்டும்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"அடின்னு சொன்னேன்."

இதற்கு ஆம் என்பதும் அறையில் கேட்டதைச் சொன்னதாகத்தான் ஆகும். அவளுடைய மௌனத்தைச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ரோல்ஃப், "வைக்கட்டுமா? நானும் போய் அடுக்குறேன்," என்றான்.